ஐந்தரை: டோனி குவினும் எட்டாமல் போன மூன்று ஹிட்டும்

1994 ஆகஸ்ட் 11. ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் மைதானம். சான் டியேகோ பாட்ரேஸ் அணியின் ரைட் ஃபீல்டர் டோனி குவின் அன்று ஐந்து முறை மட்டை பிடித்து மூன்று ஹிட் எடுத்தார். ஆட்டம் முடிந்தபோது அந்தப் பருவத்தில் அவர் கணக்கு 419 முறைக்கு 165 ஹிட். சராசரி .394. மறுநாள் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. அந்த வருடம் அதற்குப் பிறகு பெரிய லீக்கில் ஒரு பந்துகூட வீசப்படவில்லை.

பேஸ்பால் சராசரியைக் கிரிக்கெட் சராசரி மாதிரி நினைத்துவிடக் கூடாது. கிரிக்கெட்டில் ஓட்டங்களை அவுட் ஆன எண்ணிக்கையால் வகுக்கிறோம். பேஸ்பாலில் ஒருவர் மட்டை பிடித்த தடவைகளில் எத்தனை தடவை பந்தை அடித்துப் பத்திரமாகத் தளம் சேர்ந்தார் என்பதுதான் கணக்கு. அப்படிச் சேர்ந்தால் அது ஒரு ஹிட். பிட்ச்சர் நான்கு பந்துகளைத் தப்பாக வீசி அவரைச் சும்மா நடக்கவிட்டால், அந்தத் தடவை கணக்கிலேயே வராது. பத்துக்கு மூன்று என்றால் .300. வாழ்நாள் முழுக்க அதைக் காப்பாற்றியவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். பத்துக்கு நான்கு, அதாவது .400, என்பதை ஒரு முழுப் பருவத்தில் கடைசியாக எட்டியவர் பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ். வருடம் 1941, சராசரி .406. 1980இல் கான்சஸ் சிட்டியின் ஜார்ஜ் பிரெட் .390 வரை வந்தார். வில்லியம்ஸுக்குப் பிறகு .400க்கு மிக நெருக்கமாகப் போனவர் குவின்தான்.

165க்குப் பதில் 168 என்று இருந்திருந்தால் சராசரி .401. நான்கு மாதத்துக்கு மேல் ஆடியதில் மூன்றே மூன்று ஹிட். ஃபீல்டரின் கையுறைக்கு இரண்டு அங்குலம் தள்ளிப் போயிருக்க வேண்டிய மூன்று பந்துகள், அவ்வளவுதான்.

குவின் பேச்சு வந்தாலே இந்த மூன்று ஹிட்டைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். நானும் அதற்கு வருவேன். ஆனால் என்னை இத்தனை வருடம் பிடித்து வைத்திருப்பது அந்த 165 எப்படி வந்தது என்கிற கேள்வி. உயரம் 5 அடி 11 அங்குலம். வயது ஏற ஏற உடம்பு கனத்தது, முழங்காலில் பலமுறை கத்தி வைத்தார்கள். பந்தைக் கூரைக்கு மேல் பறக்கவிடும் வலு அவருடைய சொத்து இல்லை. அப்படிப்பட்டவர் 20 பருவங்கள் ஆடி 3,141 ஹிட்டும் .338 சராசரியும் வைத்துவிட்டுப் போனார். பிறவித் திறமை என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் அவர் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். அவர் செய்த வேலை பார்ப்பது. தன்னைத் தானே, சலிக்காமல், தினமும் பார்ப்பது.

காலுறைப் பந்து

குவின் 1960 மே 9 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்து பக்கத்திலுள்ள லாங் பீச்சில் வளர்ந்தார். அப்பா சார்லஸ் கிடங்கில் வேலை, அம்மா வெண்டெல்லா தபால் துறையில். மூன்று பையன்கள். கொல்லையில் பழைய காலுறையைச் சுருட்டிப் பந்தாக்கி ஒருவருக்கொருவர் வீசி ஆடுவார்கள். அது கிடைக்காத நேரத்தில் மரத்து அத்திப்பழம். சின்னது, வளைந்து வருவது, எப்படி வரும் என்று சொல்ல முடியாதது. மூவரில் கடைசித் தம்பி கிறிஸும் பின்னால் பெரிய லீக்கில் ஆடினார். அந்தக் கொல்லைப்புறம் ஏதோ நல்ல பள்ளிக்கூடமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அவர் போனது கூடைப்பந்துக்காக. பாயிண்ட் கார்டாக ஆடி, சகாக்களுக்குப் பந்து கொடுத்துப் புள்ளி சேர்க்க வைப்பதில் அந்தப் பல்கலைக்கழகத்தின் சாதனைகளைத் தன் பேரில் எழுதிக்கொண்டார். பந்தைத் தட்டித் தட்டித்தான் தன் மணிக்கட்டு உறுதியானது என்று பின்னாளில் சொல்வார். 1981 ஜூனில், அணிகள் புது வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுத்தபோது, இரண்டு அணிகள் அவரை எடுத்தன: பேஸ்பாலில் பாட்ரேஸ் மூன்றாவது சுற்றில், கூடைப்பந்தில் அப்போது சான் டியேகோவில் இருந்த கிளிப்பர்ஸ் பத்தாவது சுற்றில். அவர் பேஸ்பாலைத் தேர்ந்தெடுத்தார்.

1982 ஜூலை 19 அன்று, ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணிக்கு எதிராகப் பெரிய லீக்கில் முதல் ஆட்டம். முதல் ஹிட் ஒரு டபுள், அதாவது ஒரே அடியில் இரண்டாம் தளம் வரை. இரண்டாம் தளத்தில் நின்றுகொண்டிருந்தவரிடம் எதிரணியின் பீட் ரோஸ் வந்து கை கொடுத்தார். ஏற்கெனவே 3,700 ஹிட்டைத் தாண்டியிருந்த ரோஸ், முதல் நாளிலேயே என்னைப் பிடித்துவிடப் பார்க்கிறாயா என்று கேட்டதை குவின் கடைசிவரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த அரைப் பருவத்தில் 54 ஆட்டம், சராசரி .289. அவர் வாழ்க்கையில் .300க்குக் கீழே போன ஒரே வருடம் அது. அடுத்த 19 பருவங்களிலும் ஒருமுறைகூட இறங்கவில்லை.

அலிசியா பதிவு செய்த நாடா

1983இல் மணிக்கட்டு முறிவிலிருந்து திரும்பி வந்தவருக்கு மட்டை சரியாகப் பேசவில்லை. அணி வெளியூரில் இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டு, தொலைக்காட்சியில் வரும் ஆட்டங்களை விசிஆரில் பதிவு செய்து வை என்று மனைவி அலிசியாவிடம் கேட்டார். ஊர் திரும்பி அந்த நாடாவைப் போட்டுப் பார்த்தார். தப்பு எங்கே என்று உடனே தெரிந்துவிட்டது. மைதானத்துக்குப் போய்ச் சரிசெய்தார்.

இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியும். ஆட்டம் நடக்கும்போதே வீரர்கள் மைதானத்து ஓரத்தில் காத்திருக்கும் இடமான டக்அவுட்டில் உட்கார்ந்து கைக்கணினியில் தங்கள் கடைசி அடியைப் பார்க்கிறார்கள். 1983இல் நிலைமை வேறு. மட்டையாளர் சரிவில் விழுந்தால் பயிற்சியாளர் வலைக்குப் பின்னால் நின்று பார்த்து, தோளைத் திற, காலை மூடு என்று ஏதாவது சொல்வார். மட்டையாளர் தன் உடம்பு சொல்வதை வைத்து மாற்றுவார். உடம்பு சொல்வது பாதி நேரம் பொய். பிட்ச்சர் மேடு மட்டையாளரிடமிருந்து 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகப் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 0.4 நொடிதான் ஆகும். அதற்குள் பந்தின் சுழலைப் படித்து, அடிக்கலாமா விடலாமா என்று முடிவெடுத்து, மட்டையையும் கொண்டுவந்தாக வேண்டும். அந்த நேரத்தில் தன் கை எங்கே இருந்தது, முன்னங்கால் எப்போது தரையில் பட்டது என்று யாருக்கு நினைவிருக்கும்? நினைவிருப்பதாகத் தோன்றும், ஆனால் நாடாவில் வேறு மாதிரி இருக்கும்.

குவின் தன் நினைவை நம்பாமல் நாடாவை நம்பினார். நல்ல ஃபார்மில் இருந்தபோதும் பார்ப்பதை விடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சரிவில் இருப்பவன் உதவி தேடுவது இயல்பு. நன்றாக அடிக்கும் நாட்களின் அசைவையும் பதிந்து வைத்தால்தான் பின்னால் ஒப்பிட ஏதாவது இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. சொந்தக் காசில் கருவி வாங்கினார், வெளியூருக்கும் சுமந்துகொண்டு போனார். ஓட்டல் அறையில் உட்கார்ந்து ஓட்டி, நிறுத்தி, பின்னால் தள்ளி, ஹிட் விழுந்த தடவைகளைத் தனியாகத் தொகுத்துக்கொண்டார். ஒவ்வொரு பிட்ச்சரும் தன்னிடம் எப்படிப் பந்து போட்டார் என்றும் பார்த்தார். சகாக்கள் 'கேப்டன் வீடியோ' என்று பெயர் வைத்தார்கள். பிறகு மற்றவர்களும் கற்றுக்கொண்டார்கள். காலப்போக்கில் ஒவ்வொரு அணியும் ஒரு வீடியோ அறை கட்டியது. அவர் ஒருவரால்தான் இந்த மாற்றம் வந்தது என்று சொல்வது மிகை. ஆனால் ஒரு மட்டையாளர் தன் பிழைப்பின் நடுவில் இதைப் பழக்கமாக்கிக் காட்டியதற்கு அவரைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஐந்தரைத் துளை

பேஸ்பாலில் ஒவ்வொரு தடுப்பாட்ட இடத்துக்கும் ஓர் எண் உண்டு. மூன்றாம் தளத்தில் நிற்பவர் 5. அவருக்கும் இரண்டாம் தளத்துக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. இந்த இருவருக்கும் இடையிலுள்ள சந்துக்கு குவின் 5.5 என்று பேர் வைத்தார். தன் காலணியின் நாக்கில்கூட அந்த எண்ணை எழுதி வைத்திருந்தார்.

அவர் இடது கை மட்டையாளர். இடது கையர்கள் பொதுவாகப் பந்தை முன்னாலேயே சந்தித்து வலது பக்கம் இழுப்பார்கள், தடுப்பாட்டமும் அதை எதிர்பார்த்து அந்தப் பக்கம் சாயும். குவின் எதிர்ப்பக்கம் அடித்தார். வெளிப்பக்கம் வரும் பந்தை அவசரப்பட்டுத் துரத்தாமல் உடம்புக்கு அருகே ஆழமாக வரவிட்டு, கடைசி நொடியில் மட்டையின் நல்ல பாகத்தால் இடது பக்கமாக, 5க்கும் 6க்கும் நடுவில், தரையோடு அனுப்புவார். பந்தை உள்ளே வரவிடுவதால் பார்க்க நேரம் கூடுகிறது. நேரம் கூடினால் ஏமாறுவது குறைகிறது. இதற்குத் தோதாக, பெரிய லீக்கிலேயே மிகச் சிறிய மட்டைகளில் ஒன்றை வைத்திருந்தார். 33 அங்குலத்துக்கும் குறைவு, எடை சுமார் 31 அவுன்ஸ். தினமும் கம்பத்தின் மேல் பந்தை நிறுத்தி வைத்து அந்தச் சந்துக்குள் அடித்துப் பழகுவார். லீக்கிலேயே அதிக சராசரிக்கான பட்டம் வாங்கிய வருடங்களிலும் அதே கம்பம், அதே சந்து.

ஏமாறுவது எவ்வளவு குறைந்தது என்பதற்கு எண்களே போதும். மூன்று நல்ல பந்துகளைத் தவறவிட்டு வெளியேறுவதுதான் ஸ்டிரைக் அவுட். 20 வருடத்தில் அவருக்கு மொத்தம் 434. மார்க் ரெனால்ட்ஸ் என்ற மட்டையாளர் 2009இல் 223 முறையும் 2010இல் 211 முறையும் ஸ்டிரைக் அவுட் ஆனார். கூட்டினால் 434. குவினின் ஒரு வாழ்நாள் கணக்கு இன்னொருவருக்கு இரண்டு பருவங்களில் முடிந்தது. ஒரே ஆட்டத்தில் மூன்று முறை ஸ்டிரைக் அவுட் ஆனது குவினுக்கு ஒரே ஒரு தடவைதான் நடந்தது. 1986 ஏப்ரல் 14, டாட்ஜர்ஸ் அணியின் பாப் வெல்ச் பந்துவீச்சில்.

கிரெக் மேடக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 முதல் 1995 வரை தொடர்ந்து நான்கு வருடம் லீக்கின் சிறந்த பிட்ச்சர் விருது வாங்கியவர். வேகத்தை மாற்றி மாற்றி வீசி மட்டையாளர்களைத் தடுமாற வைப்பதே அவர் தொழில். அவரிடம் குவின் 94 முறைக்கு 39 ஹிட் எடுத்தார், அதாவது .415. ஸ்டிரைக் அவுட் பூஜ்யம். வரும் பந்தின் வேகத்தைக் கண்ணால் பிரித்தறிய மனிதனால் முடியாது என்று விளக்கிய மேடக்ஸே குவினை மட்டும் அதற்கு விதிவிலக்காகச் சொன்னார். பந்துவீச்சாளர் தரும் சான்றிதழுக்கு மேல் ஒரு மட்டையாளருக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு கணக்கு நான் அடிக்கடி போட்டுப் பார்ப்பது. 9,288 முறைக்கு 3,141 ஹிட். ஓய்வு பெற்ற பிறகு குவின் திரும்பி வந்து, தொடர்ந்து 1,182 முறை ஹிட்டே எடுக்காமல் அவுட் ஆகியிருந்தாலும் சராசரி சரியாக .300இல் நின்றிருக்கும். இரண்டு முழுப் பருவங்களை வெறுங்கையோடு கழித்திருக்கலாம்.

வில்லியம்ஸ் சொன்ன பாடம்

1992இல், வருடா வருடம் சிறந்த வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டம் சான் டியேகோவில் நடந்தது. டெட் வில்லியம்ஸும் சான் டியேகோவில் பிறந்தவர். அங்கே குவினின் மட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது பல் குத்தும் குச்சி என்றார். பின்னால் இருவருக்கும் பேச்சு வளர்ந்தது. உள்பக்கம் வரும் பந்தைச் சும்மா தட்டிவிடாதே, இழுத்து அடி, அங்கேதான் பெரிய காரியம் நடக்கும் என்பது வில்லியம்ஸின் கட்சி. அதற்குள் நான்கைந்து பட்டம் வாங்கியவருக்கு இதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. குவின் கேட்டார். 1997இல், 37 வயதில், .372 சராசரியோடு 220 ஹிட், 17 ஹோம் ரன் (பந்து வேலியைத் தாண்டும் அடி), அடித்து உள்ளே கொண்டுவந்த ரன்கள் 119. கடைசி இரண்டும் அவர் வாழ்க்கையிலேயே அதிகம்.

பட்டங்கள் எட்டு: 1984, 1987, 1988, 1989, பிறகு 1994 முதல் 1997 வரை வரிசையாக நான்கு. பெரிய லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கில், பழைய காலத்து வீரர் ஹோனஸ் வாக்னரோடு சமமாக நிற்கும் சாதனை இது. இதில் 1996இன் கதை விசேஷமானது. குதிகால் காயத்தால் பல ஆட்டங்களைத் தவறவிட்டதால், பட்டத்துக்கு, சும்மா நடந்த தடவைகளையும் சேர்த்து, தேவையான 502 தடவைக்குப் பதில் 498 தடவைதான் மட்டை பிடித்திருந்தார். விதிப்புத்தகத்தில் இதற்கு வழி இருக்கிறது. குறைகிற நான்கையும் ஹிட் இல்லாத தடவைகளாகச் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். அப்படிச் சேர்த்தும் .349 வந்தது. அடுத்த இடத்தில் இருந்த எல்லிஸ் பர்க்ஸ் .344. நான்கு பொய்த் தோல்விகளைச் சுமந்துகொண்டும் முதலில் வந்தார்.

குற்றச்சாட்டும் இருந்தது

எல்லோரும் அவரைக் கொண்டாடினார்கள் என்று எழுதினால் அது முழு ஆய்வாகாது. 1990இல் சொந்த அணிக்குள்ளேயே சிலர் அவரைச் சுயநலக்காரர் என்றார்கள். அணியின் ரன்னைவிடத் தன் சராசரிதான் முக்கியம் என்கிறார், ஹிட் சேர்ப்பதற்காக ஆடுகிறார் என்ற பேச்சு பத்திரிகைக்கும் போனது. அந்தப் பருவத்தில் டக்அவுட்டில் அவர் உருவபொம்மை கை கால் பிய்க்கப்பட்டுத் தொங்கியது. அது அவரை ஆழமாகக் காயப்படுத்தியது.

புள்ளிவிவரக்காரர்கள் வேறொரு கேள்வி கேட்பார்கள். குவின் அதிகம் நடந்து தளம் சேரவில்லை, மொத்தம் 790 வாக்தான். ஹோம் ரன் 135. தளம் சேரும் விகிதம் .388. வில்லியம்ஸுக்கு அது .482. அப்படிப் பார்த்தால் ஒரு ரன் உற்பத்தி இயந்திரமாக வில்லியம்ஸ் எங்கோ மேலே இருக்கிறார், அதில் வாதமே இல்லை. பந்து மட்டையில் படுவது, பட்ட பந்து ஆளில்லாத இடத்துக்குப் போவது என்ற ஒரு கலையை மட்டும் தனியாக எடுத்தால், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நேஷனல் லீக்கில் குவினுக்கு மேல் யாரையும் என்னால் வைக்க முடியவில்லை. சுயநலம் என்ற குற்றச்சாட்டுக்கு என் பதில் வேறு. ஆரம்பத்தில் அவருடைய தடுப்பாட்டமும் எறிதலும் சுமார்தான். தினமும் சீக்கிரம் வந்து, மூலையில் பந்து எகிறும் விதத்தைப் பழகி, சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்ட் க்ளவ் விருதை ஐந்து முறை வாங்கும் அளவுக்கு வளர்ந்தார். 1987இல் 56 முறை தளம் திருடினார், அதாவது பிட்ச்சர் வீசும் நேரத்தில் ஓடி அடுத்த தளத்தைப் பிடித்தார். தன் சராசரியை மட்டும் பார்ப்பவர் இந்த வேலையெல்லாம் செய்ய மாட்டார்.

அந்த 1987இலேயே அவர் திவால் மனு தாக்கல் செய்ய வேண்டி வந்தது. பணம் போன அதே பருவத்தில் .370 அடித்தார். பின்னால் வேறு ஊர்கள் அதிகச் சம்பளம் தரக்கூடிய நிலையிலும், குறைந்த தொகைக்குச் சான் டியேகோவிலேயே கையெழுத்துப் போட்டார். பாட்ரேஸ் பணக்கார அணி இல்லை, உலகத் தொடரை ஒருமுறையும் வென்றதில்லை. அவர் காலத்தில் இரண்டு முறை இறுதிக்குப் போய் 1984இல் டெட்ராயிட்டிடமும் 1998இல் யாங்கீஸிடமும் தோற்றது. 1998இல் நான்கு ஆட்டத்திலும் அணி தோற்றபோது குவின் 16 முறைக்கு 8 ஹிட் எடுத்தார். அதில் ஒன்று யாங்கீ மைதானத்தின் மேலடுக்கு வரை போன ஹோம் ரன்.

அந்த மூன்று ஹிட்

சரி, 1994க்குத் திரும்புவோம். முதலாளிகள் சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்றார்கள், வீரர்கள் சங்கம் முடியாது என்றது. ஆகஸ்ட் 12இல் தொடங்கிய வேலைநிறுத்தம் 232 நாள் நீடித்தது. செப்டம்பர் 14 அன்று உலகத் தொடரே ரத்து என்று அறிவித்தார்கள். 1904க்குப் பிறகு அப்படி நடந்ததே இல்லை. 74 வெற்றி, 40 தோல்வியோடு எல்லோரையும்விட முன்னால் இருந்த மான்ட்ரியால் எக்ஸ்போஸ் அணிக்கு அதுவே பேரிழப்பு. 43 ஹோம் ரன்னோடு, ஒரே பருவத்தில் அதிக ஹோம் ரன் என்ற பழைய சாதனையைத் துரத்திக்கொண்டிருந்த மேட் வில்லியம்ஸுக்கு இன்னொரு இழப்பு. குவினுக்கு இது.

மூன்று ஹிட்தான் குறைவு என்று சொல்வதில் ஒரு தவறான ஆறுதல் இருக்கிறது. பருவம் தொடர்ந்திருந்தால் மூன்று ஹிட் போதாது. பாட்ரேஸ் 117 ஆட்டம் ஆடியிருந்தது, மீதி 45. குவின் இன்னும் ஏறக்குறைய 170 முறை மட்டை பிடித்திருப்பார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 589. அதில் .400 வேண்டுமென்றால் 236 ஹிட் தேவை. கையில் 165. ஆக 170க்கு 71, அதாவது .418 வேகத்தில் ஏழு வாரம் ஆட வேண்டும். செப்டம்பர் நெருங்க நெருங்கப் பத்திரிகையாளர் கூட்டம், கேமரா, ஒவ்வொரு அவுட்டுக்கும் ஒரு கேள்வி. 34 வயது முழங்கால் வேறு.

கடினம்தான். முடியாது என்று சொல்ல மாட்டேன். கடைசி நாள் ஐந்துக்கு மூன்று அடித்தவர், ஏறுமுகத்தில் இருந்தவர், அணியும் பட்டியலின் அடியில் இருந்ததால் வேறு சுமை இல்லாதவர். எனக்கு வருத்தம் எண்ணைப் பற்றியது இல்லை. அந்த ஏழு வாரத்தை அவர் எப்படிக் கடந்திருப்பார் என்று பார்க்கக் கிடைக்காமல் போனதுதான். 1941இல் டெட் வில்லியம்ஸ் கடைசி நாள் .39955இல் இருந்தார். மேலே கூட்டினால் .400 என்றே எழுதுவார்கள், உட்கார்ந்துவிடலாம். உட்காரவில்லை. இரண்டு ஆட்டத்திலும் ஆடி எட்டுக்கு ஆறு எடுத்து .406 ஆக்கினார். குவினுக்கும் அப்படி ஒரு கடைசி நாள் கிடைத்திருக்க வேண்டும்.

3,000ஆவது ஹிட் வேறு மாதிரி வந்தது. 1999 ஆகஸ்ட் 6, மான்ட்ரியாலில், முதல் இன்னிங்ஸிலேயே ஒரு சிங்கிள். அன்று அம்மா வெண்டெல்லாவின் பிறந்தநாள், அவர் மைதானத்தில் இருந்தார். முதல் தளத்தில் நின்ற நடுவர் கெர்வின் டான்லி, குவினோடு கல்லூரியில் ஆடியவர். நடுவர் என்பதை ஒரு நொடி மறந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்று குவின் மொத்தம் நான்கு ஹிட் எடுத்தார்.

கன்னத்தில் அடக்கிய புகையிலை

2001 அக்டோபரில் ஓய்வு. 2003 முதல் தான் படித்த அதே பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். 2009இல் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது நாட்டிலேயே முதலாவதாக எடுக்கப்பட்ட பிட்ச்சர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் அவரிடம் ஆடியவர்தான். 2007இல் கால் ரிப்கன் என்ற வீரரோடு சேர்ந்து, பேஸ்பாலின் பெரியவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. தேர்வுக்குப் போட்ட 545 ஓட்டில் 532 அவருக்கு. கூப்பர்ஸ்டவுன் என்ற அந்தச் சின்ன ஊரில் அன்று சுமார் 75,000 பேர் கூடினார்கள்.

2010இல் உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். குவின் சுமார் 30 ஆண்டுகள் புகையிலையைக் கன்னத்தில் அடக்கும் பழக்கம் உள்ளவர். அடக்கிவைத்த அதே வலது பக்கத்தில்தான் கட்டி வந்தது. புகையிலையால்தான் வந்தது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். இந்த வகைப் புற்றுக்கும் அடக்கும் புகையிலைக்கும் நேரடித் தொடர்பு மருத்துவத்தில் உறுதியாக நிறுவப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாய்ப்புற்றுக்கும் அதற்கும் உள்ள தொடர்பில் சந்தேகம் இல்லை. அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு முகத்தின் ஒரு பக்கம் அசையாமல் போனது. ஊருக்கே தெரிந்த சிரிப்பு அவருடையது. 2014 ஜூன் 16 அன்று இறந்தார். வயது 54.

அவர் தலைமுறை வீரர்களுக்கு அந்த டப்பா சீருடையின் ஒரு பாகம் மாதிரி. பின் பாக்கெட்டில் வட்டமாகத் தெரியும். அவர் மரணத்துக்குப் பிறகு ஸ்ட்ராஸ்பர்க் உட்படப் பலர் விட முயன்றார்கள். சான் பிரான்சிஸ்கோ, பாஸ்டன், லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற நகரங்கள் மைதானத்தில் புகையிலையைத் தடை செய்தன. 2017 முதல் பெரிய லீக்குக்குப் புதிதாக வரும் வீரர்களுக்கு அது கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். அவர் உயிரோடு இருந்து பார்த்திருக்க வேண்டிய மாற்றம் இது.

2016 முதல் நேஷனல் லீக்கின் சராசரிப் பட்டமே டோனி குவின் பெயரில் வழங்கப்படுகிறது. 2024இல் அதை வாங்கியவர் லூயிஸ் அராயஸ், பாட்ரேஸ் சட்டை போட்டவர், அந்தப் பருவம் முழுக்க 29 முறை மட்டுமே ஸ்டிரைக் அவுட் ஆனவர். குவினின் மகன் டோனி ஜூனியரும் பெரிய லீக்கில் ஆடினார். அவருடைய முதல் ஹிட் 2006 ஜூலை 19 அன்று, அப்பாவின் முதல் ஹிட்டுக்குச் சரியாக 24 வருடம் கழித்து. அதுவும் ஒரு டபுள்.

ஒரு காட்சியை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். 1999 ஜூலை 13, பாஸ்டனின் ஃபென்வே பார்க், ஆல்-ஸ்டார் ஆட்டம். 80 வயது டெட் வில்லியம்ஸை ஒரு சிறு வண்டியில் மைதானத்துக்குள் அழைத்து வந்தார்கள். பந்தின் தையலைப் பார்த்துச் சொல்வார் என்று பேர் வாங்கிய கண்கள், பக்கவாதத்துக்குப் பிறகு மங்கிவிட்டிருந்தன. அந்தக் காலத்துப் பெரிய வீரர்கள் எல்லோரும் வண்டியைச் சுற்றி நின்றுகொண்டார்கள், நகரவே மனம் வரவில்லை. முதல் பந்தை வில்லியம்ஸ் வீச வேண்டும். அவரால் தனியாக நிற்க முடியவில்லை. குவின் பக்கத்தில் போய் நின்று, இடுப்பருகே கை கொடுத்துத் தாங்கிக்கொண்டார். வில்லியம்ஸ் வீசினார். பந்து முன்னாள் கேட்சர் கார்ல்டன் ஃபிஸ்க்கின் கையுறைக்குப் போய்ச் சேர்ந்தது. குவின் பிடியை விடாமல் நின்றுகொண்டிருந்தார்.